தொட்டித் தண்ணீரில் 22 நிமிடங்கள்: சிறுமலை அடிவார மலையோட்டம் ஒன்றில் நேர்ந்த ஹீட் ஸ்ட்ரோக் குறித்த நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

ஒரு புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை, நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து கலந்துகொண்ட மலையோட்டப் போட்டி ஒன்றில் எங்களில் ஒருவர் ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுந்தார். பிழைத்துக்கொண்டார். இன்று நன்றாக இருக்கிறார். இதை எழுதச் சொன்னவரே அவர்தான். அச்சுக்கு முன் முழுவதும் படித்துவிட்டு இரண்டு இடங்களில் திருத்தமும் சொன்னார். மதுரையைச் சுற்றி மலையோட்டத்துக்குப் போகும் குழுக்கள் பெருகி வருகின்றன. நாங்கள் சரியாகச் செய்தது ஒன்று, தவறவிட்டது பல. இரண்டுமே மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இதில் வரும் நேரங்கள் எங்கள் நினைவிலிருந்து எழுதியவை அல்ல. அவருடைய ஜி.பி.எஸ். வாட்ச், எங்கள் கைப்பேசிகளின் அழைப்புப் பட்டியல், செவிலியர் தன் கையில் பேனாவால் எழுதி வைத்த குறிப்பு ஆகியவற்றிலிருந்து எடுத்தவை.

ஆட்களும் பாதையும்

பெயர்கள் வேண்டாம் என்பதால் தொழிலைச் சொல்லிக் குறிப்பிடுகிறேன். பாதிக்கப்பட்டவர் வங்கி அதிகாரி, வயது 36. உடன் ஓடியவர்கள்: தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் 31 வயதுப் பெண் செவிலியர்; செல்போன் கடை வைத்திருப்பவர், 33; வங்கி அதிகாரியின் அக்கா மகனான கல்லூரி மாணவர், 20. நான் பள்ளி ஆசிரியர், 44. மலையோட்டத்தில் முன் அனுபவம் இருந்தது எனக்கு மட்டும்தான். மற்ற நால்வரும் சாலையில் 21 கி.மீ. ஓடியவர்கள், மலைக்குப் புதியவர்கள்.

எங்கள் பயிற்சி எல்லாம் சமதளம். காலை ஐந்து மணிக்கு ரேஸ்கோர்ஸ் பக்கம், சில நாள் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி. மலைக்காக என்று செய்தது, அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலை வழியாக ராக்காயி அம்மன் கோவில் வரை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஏறி இறங்கியது மட்டுமே. அதுவும் மர நிழலில், தார்ச்சாலையில், விடிந்தும் விடியாத நேரத்தில். வங்கி அதிகாரி பகல் முழுதும் ஏ.சி. அறையில் இருப்பவர். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றரை முதல் இரண்டு வாரம் தினமும் சூட்டில் உழைக்க வேண்டும். எங்கள் ஐவரில் அப்படிப் பழகியிருந்தது, கடைக்கு வெளியே வெயிலில் நின்று வேலை பார்க்கும் செல்போன் கடைக்காரர் ஒருவர்தான்.

ஓட்டம் நடந்த இடம் வாடிப்பட்டிக்கும் பாலமேட்டுக்கும் இடைப்பட்ட சிறுமலைத் தெற்குச் சரிவின் அடிவாரம். 21 கி.மீ., மொத்த ஏற்றம் 750 மீட்டர் அளவில். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த காட்டுத்தீக்குப் பிறகு, வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கூட்டமாகப் போக முடியாது, போகவும் கூடாது. அதனால் பாதை காட்டின் விளிம்பிலும், பட்டா நிலங்களிலும், கரட்டுப் பாறைகளிலுமாக அமைந்திருந்தது. இரண்டு ஏற்றங்கள். முதலாவது புதர்க்காடு, ஓரளவு நிழல். இரண்டாவது 9ஆவது கி.மீ.யில் தொடங்கி 2.4 கி.மீ. நீளும் வெறும் பாறை, கிழக்கு பார்த்த சரிவு. அந்த ஏற்றத்தின் திசையை ஒரு நாள் முன்னதாக நான் வரைபடத்தில் பார்த்திருந்தேன். பார்த்தும், அந்த இடத்துக்கு நாங்கள் எத்தனை மணிக்கு வந்து சேர்வோம் என்று கணக்குப் போடவில்லை.

முந்தைய ஐந்து நாள்

செவ்வாய்க்கிழமை வங்கி அதிகாரிக்குக் காய்ச்சல் வந்தது. வியாழன் இரவு வரை பாராசிட்டமால் போட்டுக்கொண்டார். வெள்ளி காலை காய்ச்சல் இல்லை. சளி மட்டும் இருந்ததால் கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை சனி இரவு வரை தொடர்ந்தது. சனிக்கிழமை உறவினர் வீட்டு விசேஷம். படுத்தபோது மணி பன்னிரண்டு, எழுந்தது மூன்றரை.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். வாட்ஸ்ஆப் குழுவில் அவரே எழுதியிருந்தார். "காய்ச்சல் விட்டிருச்சு, வந்திர்றேன்" என்ற செய்திக்கு நாங்கள் நால்வரும் கட்டைவிரல் உயர்த்தினோம். ஐந்து பேரும் சேர்ந்து தொடங்கிச் சேர்ந்து முடிப்பது என்று பேசி வைத்திருந்தோம். ஒரே நிறத்தில் பனியன்கூட அடித்திருந்தோம். அவர் வராமல் போனால் எங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும், அது அவருக்கும் தெரியும். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "இந்தத் தடவை வேண்டாம்" என்று சொல்லவும் ஒருவர் இல்லை. பிறகு மருத்துவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, கடந்த ஒரு வாரத்தில் காய்ச்சல் இருந்ததா என்பது. இரண்டாவது, என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பது. சளிக்கான சில மாத்திரைகளில் வியர்வையைக் குறைக்கும் மருந்து சேர்ந்திருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

காலை 6:00 முதல் 8:40 வரை

புரட்டாசி பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். முந்தின நாள் மாலை பெய்திருந்தது. ஓட்டம் தொடங்கியபோது வானம் மூடியிருந்தது. வெயில் இல்லாததால் நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் அது வெக்கை. இலை அசையவில்லை, தரையிலிருந்து ஈரம் எழும்பியது, முதல் இரண்டு கி.மீ.யிலேயே பனியன் பிழியும் அளவுக்கு நனைந்துவிட்டது.

வெயிலுக்குப் பயப்படும் நாம் வெக்கைக்குப் பயப்படுவதில்லை. ஓடும்போது தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு, அதிகம் போனால் நான்கில் ஒரு பங்குதான் ஓட்டமாகிறது. மிச்சமெல்லாம் சூடு. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி சூட்டை உடம்பிலிருந்து எடுத்துப் போகும். ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயன் மிகக் குறைவு. வெக்கையில் நடப்பது இதுதான். உடம்பு தண்ணீரை இழக்கிறது, சூட்டை இழப்பதில்லை.

மலையோட்டத்தில் இன்னொன்றும் சேர்கிறது. சாலையில் ஓடினால் ஓடும் வேகத்திலேயே கொஞ்சம் காற்று மேலே படும். ஏற்றத்தில் ஒரு கி.மீ.க்கு 18, 20 நிமிடம் ஆகிறது. காற்று படாது, ஆனால் உடல் உழைப்பு ஓட்டத்துக்குச் சற்றும் குறையாது. மெதுவாகப் போனால் ஆபத்தில்லை என்று நினைத்துத்தான் அவரை ஏற்றத்தில் நடக்கச் சொன்னோம். அவர் நடந்தார். வாட்ச் பதிவைப் பிறகு பார்த்தோம்: நடந்த அந்த அரைமணி நேரமும் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 181க்குக் கீழே இறங்கவில்லை. எண் அவர் மணிக்கட்டிலேயே இருந்தது. அவரும் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

7:05க்கு முதல் தண்ணீர் பாயிண்ட். ஐவரும் சேர்ந்தே வந்தோம். 7:45 வாக்கில் மேகம் கலைந்தது. இரண்டாவது ஏற்றத்தில் கால் வைத்தபோது சூரியன் சரிவுக்கு நேர் எதிரே, பாறை ஏற்கெனவே கையில் சுட்டது. 8:05க்கு அவர் பின்தங்கத் தொடங்கினார். 8:20க்கு மாணவர் ஓ.ஆர்.எஸ். பாட்டிலை நீட்டினார்.

"மாமா, ரெண்டு வாய் குடிங்க."

"எனக்குத் தெரியும்டா, நீ போ."

இயல்பாக அவர் அக்கா மகனிடம் குரல் உயர்த்துகிறவர் அல்ல. மாணவரின் முகம் வாடியதைப் பார்த்தேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டு, "விடுப்பா, மேலே போய் உட்காருவோம்" என்றேன். அந்த எரிச்சல்தான் முதல் அறிகுறி என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

உச்சியில் 12 நிமிடம்

8:40க்கு மேலே சேர்ந்தோம். அங்கே ஒரு தார்ப்பாய் நிழல், இரண்டு தன்னார்வலர்கள், 20 லிட்டர் தண்ணீர் கேன் மூன்று, வாழைப்பழம், கடலை மிட்டாய். வங்கி அதிகாரி நிழலில் உட்காராமல் வெயிலில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். தன்னார்வலப் பெண் பிப் எண்ணைக் கேட்டார். நெஞ்சிலேயே குத்தியிருந்த எண்ணைப் பார்க்காமல் தன் வீட்டுக் கதவு எண்ணைச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். அவர் சிரித்ததால் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

செவிலியர் மட்டும் அருகில் போய், "அண்ணே, தலை வலிக்குதா?" என்று கேட்டார். "இல்ல" என்றார். கழுத்தைத் தொட்டுப் பார்த்த செவிலியர், "நல்லா வேர்க்குது சார்" என்று என்னிடம் சொன்னார். வியர்த்தால் ஹீட் ஸ்ட்ரோக் இல்லை, தோல் காய்ந்து போனால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்பது நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்த பாடம். வெயிலில் முடங்கிக் கிடக்கும் முதியவருக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஓடி உழைத்துச் சூடேறியவருக்குப் பொருந்தாது. அவர்கள் விழும்போதும் வியர்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

இங்கே எடுத்த முடிவு என்னுடையது. இனி இறக்கம்தான், கீழே ஊர் இருக்கிறது, இறங்கிவிடலாம் என்றேன். கூடவே இருந்து கூட்டிப் போவோம் என்று நால்வரும் ஒத்துக்கொண்டோம். அன்றைய மற்ற தவறுகளை எல்லாம் சேர்த்தாலும் இது பெரியது. மேலே நிழல் இருந்தது, 60 லிட்டர் தண்ணீர் இருந்தது, ஆள் இருந்தது. அவரைப் படுக்கவைத்து அந்தத் தண்ணீரை மேலே ஊற்றி விசிறியிருந்தால் அங்கேயே தணிந்திருக்கலாம். குடிக்க வைத்திருந்த தண்ணீர் என்பதால் அதை உடம்பில் ஊற்றலாம் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. 8:52க்குக் கிளம்பினோம்.

விழுந்தது

9:14க்குக் கால் பின்னியது. குடித்தவர் நடப்பதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தார். 9:20க்கு, சரளைக்கல் பாதை முடிந்து செம்மண் தரை தொடங்கும் இடத்தில் முழங்காலிட்டு விழுந்தார். கடைக்காரர் தாங்கிப் பிடித்தார். அவர் முகத்தை நேராகப் பார்த்து வங்கி அதிகாரி கேட்டார்: "மாப்ள, கார் சாவிய எங்க வச்ச?"

நாங்கள் வந்தது வாடகை வேனில்.

செவிலியர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. "இது ஹீட் ஸ்ட்ரோக்தான் சார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. ஆனா வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, தண்ணி எங்க இருக்குன்னு பாருங்க." உடலின் உட்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, கூடவே மூளையும் தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக். விழுந்ததிலிருந்து அரைமணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் பெரும்பாலும் முழுதாக மீட்டுவிடலாம்; தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று சேதம் பரவும். அதனால்தான் இதற்கு மட்டும் விதி வேறு: முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் கொண்டுபோக வேண்டும்.

9:24க்கு 108 அழைப்பு. ஓட்டத்துக்கு ஏற்பாடு செய்திருந்த ஆம்புலன்ஸ் முடிவுக்கோட்டில், எங்களிடமிருந்து 5 கி.மீ. தள்ளி, மலையின் மறுபக்கம் நின்றது. 108 வண்டி பஞ்சாயத்துச் சாலை வரை வரலாம். அது எங்களுக்குக் கீழே 700 மீட்டர். மாணவர் ஓடிப் பார்த்து வந்து, 300 மீட்டரில் தென்னந்தோப்பும் பம்புசெட்டும் இருப்பதாகச் சொன்னார். தோப்பிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டிலைத் தலையில் வைத்துத் தூக்கியே வந்திருந்தார். ஸ்ட்ரெச்சர் வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அன்று எங்களுக்கு வாய்த்த மிக நல்ல யோசனை அந்த இருபது வயதுப் பையனுடையது.

தொட்டி

தோப்புக்காரர் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா. கட்டிலில் ஆளைத் தூக்கி வருவதைப் பார்த்ததும் கேள்வி எதுவும் கேட்கவில்லை. "உள்ள இறக்குங்கப்பா, மோட்டார் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார். மும்முனை மின்சாரம் வந்திருந்த நேரம் அது. சிமென்ட் தொட்டி, பத்தடிக்கு ஆறடி, இடுப்பளவு தண்ணீர். ஒரு முனையில் குழாயிலிருந்து கை தடிமனுக்குத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

9:36க்கு இறக்கினோம். கடைக்காரரும் நானும் உள்ளே நின்றோம். ஒரு நீளத் துண்டை அவர் அக்குளுக்கு அடியில் மார்பைச் சுற்றிக் கொடுத்து, இரு முனையையும் மாணவர் தொட்டிச் சுவர்மேல் உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். நினைவு தப்பியவரைத் தண்ணீரில் இறக்கும்போது மூழ்கும் ஆபத்து உண்டு. கை வழுக்கினாலும் துண்டு தாங்கும். தலையைச் செவிலியர் தன் முன்கையில் ஏந்தியிருந்தார். 9:41க்கு அவர் வாந்தி எடுத்தார். உடனே ஒருக்களித்துச் சாய்த்து வாயைத் துடைத்தோம். அருகில் நின்ற ஒருவர் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனத்தோடு கொண்டுவந்தார். ஆனால் அரை நினைவில் இருப்பவர் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குப் போகலாம். செவிலியர் மறுத்துவிட்டார்.

கிணற்றிலிருந்து வரும் தண்ணீர் சில்லென்று இருக்காது, நம் ஊர் வெக்கையில் வெதுவெதுப்புக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். ஐஸ் தண்ணீர் என்றால் இன்னும் வேகமாக இறங்கியிருக்கும். ஆனால் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். கொதிக்கும் உடம்புக்குக் கிணற்றுத் தண்ணீரே போதிய குளிர்ச்சி, அது அசைந்துகொண்டே இருந்தால். உடம்பை ஒட்டிய தண்ணீர் சூடேறி அங்கேயே தங்கிவிடக் கூடாது என்பதற்காக நானும் கடைக்காரரும் கையால் விடாமல் அலைத்துக்கொண்டிருந்தோம். குழாய்த் தண்ணீர் அவர் தொடைமேல் விழும்படி நகர்த்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை என்பதும் உதவியது. ஊருக்குள் மீன் விற்க வந்தவரிடமிருந்து தெர்மாகோல் பெட்டியில் பாதி ஐஸ் ஒரு பைக்கில் வந்து சேர்ந்தது. மணி 9:50. துண்டுகளை ஐஸ் தண்ணீரில் நனைத்துத் தலையிலும் கழுத்திலும் போட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றினோம்.

ஆம்புலன்ஸ் வந்த பிறகு

9:47க்கே ஆம்புலன்ஸ் சாலைக்கு வந்துவிட்டது. ஊழியர் தோப்புக்குள் ஓடி வந்து, "ஏத்துங்க, போவோம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. மயங்கிய ஆளைப் பார்த்தால் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் எல்லா நேரத்திலும் சரி. செவிலியர் கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை. "மதுரைக்கு முக்கால் மணி நேரம். இதே சூட்டோட முக்கால் மணி நேரம் போனா மூளை தாங்காது. பத்து நிமிஷம் குடுங்க, நானும் கூட வர்றேன்" என்றார். ஊழியர் நண்பரின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தார், 38.4 காட்டியது. "காய்ச்சல்தானே, அவ்வளவு இல்லையே" என்றார்.

அந்த எண்ணை நம்பியிருந்தால் அப்போதே வெளியே எடுத்திருப்போம். தண்ணீரில் கிடப்பவரின் தோல் குளிர்ந்திருக்கும். அக்குளிலோ நெற்றியிலோ பார்ப்பது உட்சூட்டைச் சொல்லாது. ஆசனவாய் வழியாகப் பார்ப்பது ஒன்றே நம்பகமானது. அது எங்களிடமும் இல்லை, வண்டியிலும் இல்லை. ஆகவே அவர் விழுந்தபோது உட்சூடு எவ்வளவு இருந்தது என்பது பதிவாகவே இல்லை. எண்ணை விட்டுவிட்டுப் பேச்சை அளவுகோலாக வைத்துக்கொண்டார் செவிலியர்: தன் பேரையும் பிள்ளை பேரையும் சரியாகச் சொல்லும் வரை, அல்லது உடம்பு நடுங்கத் தொடங்கும் வரை தண்ணீரில் வைப்பது. ஊழியர் ஒப்புக்கொண்டதோடு சர்க்கரை அளவும் பார்த்தார், 112 இருந்தது. சர்க்கரை இறங்கியதால் வந்த மயக்கம் இல்லை என்பது தெளிவானது.

யாரோ பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னார்கள். காய்ச்சலில் உடம்பே தன் சூட்டை மேலே வைத்துக்கொள்ளச் சொல்கிறது. மாத்திரை அந்தக் கட்டளையை மாற்றுகிறது. இங்கே அப்படி ஒரு கட்டளை இல்லை. உழைப்பில் உண்டான சூடு வெளியேற வழியின்றித் தேங்கியிருக்கிறது. மாத்திரையால் பயன் இல்லை, ஏற்கெனவே அடிபட்ட கல்லீரலுக்கு மேலும் சுமை.

9:56க்கு உதடு நடுங்கியது. 9:58க்கு மகள் பேரைக் கேட்டோம், சொன்னார். மாணவரைப் பார்த்து, "ஏன்டா அழுகுற?" என்றார். வெளியே எடுத்தோம். ஈரத்துணியைப் போர்த்தி, வண்டியில் ஏ.சி.யை முழுதாக வைத்து, 10:05க்குக் கிளம்பியது. செவிலியர் கூடப் போனார்.

மருத்துவமனையில்

10:50க்குச் சேர்த்தபோது ஆசனவாய் வழி வெப்பம் 38.8. இரத்தத்தில் சோடியம் (உப்பு) 134, பெரிதாகக் குறையவில்லை, ஆகவே அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததால் வந்த குழப்பமும் இல்லை. நீண்ட ஓட்டங்களில் அதுவும் இதே போலப் பேச்சைக் குழப்பும் என்பதால் மருத்துவர் அதை முதலிலேயே பார்த்துவிட்டார். அன்று மாலை சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. தசை நார்கள் சிதைந்து இரத்தத்தில் கலந்திருந்தன. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு 1.9, இயல்பைவிட அதிகம். கல்லீரல் அளவுகள் இரண்டாம் நாள் ஏறி மூன்றாம் நாள் உச்சம் தொட்டு இறங்கின. முதல் நாளே தெளிவாகப் பேசியவரை ஏன் வீட்டுக்கு விடவில்லை என்று வீட்டார் கேட்டதற்கு, சேதம் காட்டுவது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் என்று மருத்துவர் விளக்கினார். டயாலிசிஸ் தேவைப்படவில்லை. ஆறாம் நாள் வீடு திரும்பினார்.

மூன்று வாரம் கழித்து, அளவுகள் எல்லாம் சரியான பிறகு நடக்கத் தொடங்கினார். மூன்று மாதம் கழித்துத் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரே ஒரு சுற்று மெதுவாக ஓடினார். உச்சிப் பாறையில் உட்கார்ந்ததிலிருந்து மகள் பேரைச் சொன்னது வரை அவருக்கு எதுவும் நினைவில்லை. எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

திரும்பிப் பார்க்கையில்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால்மவுத் என்ற ஊரில் ஆகஸ்ட் மாதத்தில் ஓர் ஓட்டம் நடக்கிறது. தூரம் வெறும் 7 மைல், அதாவது 11 கி.மீ.க்குச் சற்று மேல். அங்கே 18 ஆண்டுகளில் ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுந்த 274 பேரை அங்கேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் குளிர்வித்தார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. இந்தச் செய்தியைச் செவிலியர் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டிருந்தார். அந்த ஒரு மணி நேர வகுப்பில் அவர் உட்கார்ந்திருக்காவிட்டால் நாங்கள் நிச்சயமாக ஆளை வண்டியில் ஏற்றியிருப்போம்.

தூரம் குறைவு என்பதால் பயமில்லை என்று நினைக்கிறவர்களுக்கும் அந்த 11 கி.மீ. ஒரு பதில். எங்கள் நண்பர் விழுந்தது 14ஆவது கி.மீ.யில்.

நண்பர்களாக ஓடியதன் இரண்டு பக்கங்களையும் நான் நிறைய யோசித்துவிட்டேன். அவர் குரல் உயர்த்தியது அவருடைய இயல்பு இல்லை என்பது நண்பர்களுக்குத்தான் தெரியும்; முன்பின் தெரியாதவர் அதைக் கவனித்தே இருக்கமாட்டார். ஆனால் கவனித்த நாங்களே, அவர் மனம் நோகக் கூடாது, ஐவரும் சேர்ந்து முடிக்க வேண்டும் என்ற ஆசையில் அதைக் களைப்பு என்று பெயரிட்டு நகர்ந்தோம். 8:20லிருந்து 9:20 வரை ஒரு மணி நேரம் எங்கள் கையில் இருந்தது.

மாற்றியவையும் மாற்றக் கேட்டவையும்

எங்கள் குழுவில் இப்போது ஒரு வாரத்துக்குள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தவர் ஓடுவதில்லை. அவர் முடிவு செய்ய வேண்டியதில்லை, குழுவே சொல்லிவிடும், கட்டணத்தைப் பகிர்ந்துகொள்வோம். ஏற்றத்தில் ஒருவர் மற்றவரின் வாட்சைப் பார்க்கிறோம். நடக்கும்போதும் துடிப்பு இறங்கவில்லை என்றால் நிழலில் நின்றுவிடுகிறோம். யாராவது வழக்கத்துக்கு மாறாகப் பேசினால் மூன்று கேள்வி: எப்படி வந்தோம், இன்று என்ன கிழமை, அடுத்த தண்ணீர் பாயிண்ட் எங்கே. ஒன்று தவறினாலும் ஓட்டம் அங்கேயே முடிந்தது. வேனில் ஒரு பெரிய தார்ப்பாயும் இரண்டு பெட்டி ஐஸும் போகின்றன. தொட்டி இல்லாத இடத்தில் தார்ப்பாயின் நான்கு ஓரத்தையும் ஆட்கள் தூக்கிப் பிடித்து, நடுவில் ஆளைக் கிடத்தித் தண்ணீரும் ஐஸும் ஊற்றி அலைக்கலாம். ரேஸ்கோர்ஸில் ஒரு ஞாயிறு, மாணவரைப் படுக்கவைத்துச் செய்து பார்த்தோம். ஆறு பேர் வேண்டும், நான்கு பேர் போதாது.

ஓட்டம் நடத்தியவர்களோடும் உட்கார்ந்து பேசினோம். காதுகொடுத்துக் கேட்டார்கள். இன்னும் சீக்கிரமாகத் தொடங்கலாமே என்றால், சிறுமலையில் காட்டெருமை உண்டு; இருட்டில் முந்நூறு பேரைக் காட்டோரம் விட முடியாது, அது சரிதான். அதனால் பாதையைத் திருப்பச் சொன்னோம்: கிழக்கு பார்த்த வெறும்பாறை ஏற்றத்தை முதலில் வைத்தால் ஏழரைக்குள் எல்லோரும் அதைக் கடந்துவிடலாம், நிழலான ஏற்றம் பிறகு வரும். குளிர்விக்கும் தொட்டி முடிவுக்கோட்டில் மட்டும் இருந்து பயனில்லை, கடைசி இறக்கத்தின் அடியிலும் வேண்டும் என்றோம். ஆம்புலன்ஸ் வரக்கூடிய சாலைகளையும், வழியிலுள்ள கிணறு, பம்புசெட், தொட்டிகளையும் வரைபடத்தில் குறித்து எல்லாத் தன்னார்வலர் கையிலும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாதையைத் திருப்புவது பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை.

வரைபடத்தில் குறிப்பதற்கு அந்தத் தோப்பு அம்மாவிடம் அனுமதி கேட்க, தீபாவளி முடிந்த வாரம் ஐவரும் போனோம். வங்கி அதிகாரி தொட்டியின் சுவரில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அம்மா அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, தாராளமாகக் குறித்துக்கொள்ளச் சொன்னார். ஒன்று மட்டும் கேட்டார்: "முந்தின நாள் சாயங்காலமே ஒரு போன் போட்டுச் சொல்லிருங்கப்பா. காலையில கரண்டு வருமோ வராதோ, நான் ராத்திரியே ரொப்பி வச்சிருவேன்."